திரையைத் திருத்திய குரல்கள்

இலங்கையின் கீழ்க்கரையில், மருதமுனையிலிருந்து தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் கடலோரமாக அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றுள் மருதமுனை கைத்தறி நெசவால் பெயர் பெற்றது. அவ்வூரில் ஒரு தறி புதிதாக நிறுத்தப்படும்போது, செய்த தச்சரின் விருப்பம் மட்டும் அங்கே செல்லுபடியாவதில்லை. மிதி எட்டவில்லை என்றால் நெசவாளர் சொல்வார், தச்சர் திருத்துவார். இருக்கை உயர்ந்துவிட்டது என்றால் மறுபடியும் சொல்வார். மறுபடியும் திருத்தம் நடைபெறும். இவ்வாறு சொல்வதைப் பழிப்பு என்று தச்சரும் கருதுவதில்லை. சொல்லாமல் முதுகு வலியைப் பொறுத்துக்கொள்வதே நல்லொழுக்கம் என்று நெசவாளரும் கருதுவதில்லை.

தறிக்குப் பொருந்தும் இந்த நெறி கணினிக்கும் பொருந்துமா? கணினியை இயக்கியவுடன் திரையில் ஒரு மேசை விரித்தாற்போல ஒரு காட்சி தோன்றுகின்றது. கோப்புகள், பட்டியல்கள், பொத்தான்கள், மூலையில் ஒரு மணிக்கூடு ஆகியன அதில் இருக்கின்றன. இதனைத் தமிழில் பணிமேடை என்பர். இந்தப் பணிமேடையை இழைத்த தச்சர் கடல் கடந்து எங்கோ இருக்கின்றார்; அதன்முன் அமரும் மாணவரோ கல்முனையில் இருக்கின்றார். இவ்விருவருக்கும் இடையே பேச்சு நிகழ்வது எப்படி? லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளின் பணிமேடை வளர்ந்த வரலாறு இக்கேள்விக்கு நல்லதொரு விடையைத் தருகின்றது.

கட்டற்ற மென்பொருள் என்பது எவரும் பயன்படுத்தவும், படித்துப் பார்க்கவும், மாற்றவும், பிறருக்கு வழங்கவும் உரிமை உள்ள மென்பொருள் ஆகும். 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் குனு என்னும் பெயரால் இம்முயற்சியைத் தொடக்கி வைத்தார். 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக உலகத்தாருக்கு அறிவித்தார். அதுவே பின்னர் லினக்ஸ் எனப் பெயர் பெற்றது.

அவ்வறிவிப்பில் கருதத்தக்கது ஒன்று உண்டு. அக்காலத்தில் மாணவரிடையே வழங்கிய மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் பிறருக்குப் பிடித்தவை யாவை, பிடிக்காதவை யாவை என்று டோர்வால்ட்ஸ் அதில் கேட்டிருந்தார். எந்த யோசனையையும் வரவேற்பதாகவும், ஆனால் அதனை நிறைவேற்றித் தருவதாக வாக்களிக்க இயலாது என்றும் எழுதியிருந்தார். ஆகவே லினக்ஸ் பிறக்கும்போதே பயன்படுத்துவோர் கருத்தைக் கேட்டுக்கொண்டு பிறந்தது எனலாம். கேட்பதற்கும் செய்வதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு என்பதும் அன்றே சொல்லப்பட்டுவிட்டது. பிற்கால வரலாறு முழுவதும் அந்த இடைவெளிக்குள்ளேயே நடந்தது.

தொடக்க காலத்து லினக்ஸ் கணினி அறிந்தவருக்கே உரியதாக இருந்தது. கட்டளைகளை மனனம் செய்து எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். சாளரங்கள் இருந்தனவாயினும், ஒரு நிரலின் பொத்தான் ஒருவகையாகவும் மற்றொன்றின் பொத்தான் வேறொரு வகையாகவும் தோன்றின. 1996ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஜேர்மனிய மாணவரான மத்தியாஸ் எட்ரிச் என்பவர் இக்குறையை எடுத்துக்காட்டி, கணினி நிருவாகிக்காக அன்றிச் சாதாரணப் பயனருக்காக ஒரு பணிமேடை வேண்டும் என்று அறிவித்தார். அவர் அழைப்பில் உருவானது கேடிஈ. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மெக்சிக்கோ நாட்டு மிகெல் டி இகாசாவும் பெடரிக்கோ மேனாவும் க்னோம் என்னும் மற்றொரு பணிமேடையைத் தொடங்கினர். 1998இல் கேடிஈயின் முதற் பதிப்பும் 1999இல் க்னோமின் முதற் பதிப்பும் வெளிவந்தன.

பணிமேடைகள் பிறந்துவிட்டன, அவற்றைச் செய்தவர்களோ பெரும்பாலும் தம்மைப் போன்ற நிரலாளரையே மனத்தில் கொண்டிருந்தனர். ஒருவர் ஒரு மணிக்கூட்டுக் கருவி எழுதினால், அது பிடிக்காத மற்றொருவர் தமக்கென இன்னொன்று எழுதினார். இவற்றுள் எதையும் விலக்க மனமின்றி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டனர். அக்காலத்து க்னோமில் பயனர் ஒருவர் நேரம் பார்க்க விரும்பினால் பல மணிக்கூடுகளுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்றன் பெயரே இன்னொரு மணிக்கூடு என்ற பொருளில் அமைந்திருந்தது. எழுதியவருக்கு அது சுதந்திரம். நேரம் மட்டும் அறிய வந்தவருக்கு அது தடுமாற்றம்.

இந்நிலையை மாற்றிய நிகழ்ச்சி 2001ஆம் ஆண்டில் நடந்தது. க்னோமைத் தன் கணினிகளில் அமைக்க முன்வந்திருந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், 12 பேரை அழைத்து அப்பணிமேடையின் முன் அமர்த்தியது. அவர்களிடம் அன்றாட வேலைகள் சில ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் எங்கே தயங்கினர், எந்தப் பெயரைப் புரிந்துகொள்ளவில்லை, எந்தப் பொத்தானைத் தேடி அலைந்தனர் என்பவற்றை ஆய்வாளர் அருகிலிருந்து குறித்துக்கொண்டனர். அவ்வாண்டு யூலை மாதத்தில் அறிக்கை வெளிவந்தது. செய்தவர்களுக்குப் பழகிப்போன பெயர்களும் படங்களும் புதியவர்களுக்கு யாதொரு பொருளும் தரவில்லை என்பது அதனால் வெளிப்பட்டது. பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான நிரலாளர் காணாத குறைகளை 12 பேரின் தயக்கம் காட்டிவிட்டது.

அதன் பயன் விரைவில் தெரிந்தது. 2002ஆம் ஆண்டு யூன் மாதத்தில் க்னோமின் இரண்டாம் பதிப்பு வந்தது. முகப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கான வழிகாட்டி நூலொன்றும் அவ்வாண்டில் வகுக்கப்பட்டது. ஆய்வில் பங்குகொண்ட கலம் பென்சன் என்பவரே அவ்வழிகாட்டியை ஆக்கியோருள்ளும் ஒருவராக இருந்தார். ஆம், இல்லை என்று வெறுமனே கேளாமல், சேமி என்றோ சேமிக்காதே என்றோ செயலையே பொத்தானின் மேல் எழுத வேண்டும் என்று அது விதித்தது. மிகையான தெரிவுகள் குறைக்கப்பட்டன. பழைய பயனருள் சிலர் தாம் விரும்பிய அமைப்புகள் பறிபோயின என்று சினந்தனர். எனினும் புதியோர் பலருக்குப் பணிமேடை எளிதாயிற்று.

கேட்டதனால் விளைந்த நன்மை இது. கேட்கத் தவறியபோது விளைந்ததையும் வரலாறு காட்டுகின்றது. 2008ஆம் ஆண்டு தொடக்கத்தில் கேடிஈயின் நான்காம் பதிப்பு முதிராத நிலையில் பயனர் கைக்கு வந்துசேர்ந்து மிகுந்த முறைப்பாட்டுக்கு ஆளாயிற்று. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் க்னோமின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. பழகிய பட்டியல் அதில் இல்லை. சாளரத்தைச் சுருக்கும் பொத்தானும் இயல்பு அமைப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. லினக்ஸைத் தோற்றுவித்த டோர்வால்ட்ஸே அதனை வெளிப்படையாகக் கண்டித்து, எக்ஸ்எப்சிஈ என்னும் வேறொரு பணிமேடைக்கு மாறினார். பழைய வடிவத்தை விரும்பியோர் அதனைத் தொடர்ந்து பேணுவதற்கு மாட்டே என்னும் பணிமேடையை அமைத்தனர். லினக்ஸ் மின்ற் குழுவினர் சினமன் என்பதை உருவாக்கினர். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தமையால் மனக்குறை கொண்டவர்கள் மௌனமாக இருக்க வேண்டியதில்லை. பிரிந்து சென்று தமக்கென வீடு கட்டிக்கொள்ள முடிந்தது. க்னோம் குழுவினரும் முற்றாகச் செவிசாய்க்காமல் இருந்துவிடவில்லை. 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்து வெளியீட்டில் பழைய முறைக்கு நெருங்கிய அமைப்பொன்றை அவர்கள் சேர்த்தனர். டோர்வால்ட்ஸும் பின்னர் க்னோமுக்கே திரும்பினார்.

இவ்வரலாற்றில் குரல் கொடுத்தோர் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தோர். தமிழரின் குரல் இதில் எங்கே நின்றது என்று கேட்பது இயல்பு.

தமிழ் எழுத்துப் பொறியின்மேல் ஏறியபோது எதிர்ப்பட்ட சிக்கல் லினக்ஸைவிடப் பழையது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்று வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தபோது, 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. தட்டச்சில் கண்ணுக்குத் தோன்றும் வரிசையே கைக்கும் வரிசை. கெ என்னும் எழுத்துக்கு முதலில் கொம்பையும் பிறகு ககரத்தையும் தட்டினர். கணினி யுகத்தில் ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியீடு 1991இல் தமிழையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக எழுத்துகள் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது மென்பொருள் கொம்பை முன்னே கொண்டுவர வேண்டும். அதனை அறியாத மென்பொருளில் தமிழ்ச் சொற்கள் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைந்து தோன்றின. க்னோமின் இரண்டாம் பதிப்போடு வந்த பாங்கோ என்னும் உறுப்பு இதனைச் சீராக்கும் ஆற்றல் பெற்றிருந்தது. வலமிருந்து இடமாகச் செல்லும் அரபையும் இடமிருந்து வலமாகச் செல்லும் தமிழையும் ஒரே வரியில் அமைக்கவும் அதனால் இயன்றது. இரு எழுத்துகளையும் சிறுவயது முதல் கற்கும் கல்முனைக் கரையின் பிள்ளைகளுக்கு இது சிறிய செய்தி அன்று.

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் உலகெங்கும் சிதறியிருந்த தமிழ் ஆர்வலர் பணிமேடைகளைத் தமிழாக்கத் தொடங்கினர். சம்பளமின்றி, இரவு நேரங்களில், ஆயிரக்கணக்கான சிறு தொடர்களை அவர்கள் ஒவ்வொன்றாகப் பெயர்த்தனர். இப்பணிக்குக் கீழ்க்கரை மண்ணில் ஒரு முன்னோடி உண்டு. கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே அமைந்த காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தர், சென்னையில் கலைச்சொல் ஆக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் கனியாகக் கலைச்சொற்கள் 1938இல் நூலாக வெளிவந்தன. அறிவியலைத் தமிழில் பேச இயலும் என்று அன்று காட்டிய ஊரின் அயலில், கணினி தமிழில் பேசுவதைக் கேட்டு வியப்பதற்கு ஒன்றுமில்லை.

வியப்புக்கு இடமில்லையாயினும் ஆராய்ச்சிக்கு இடமுண்டு. பெரிய பணிமேடைகளின் தமிழாக்கம் எல்லா நாட்டுத் தமிழருக்கும் ஒன்றாகவே அமைந்தது. மொழிபெயர்த்தோருள் பலர் தமிழகத்தார் ஆதலின், அந்நாட்டு வழக்கே திரையில் மிகுந்தது. கல்முனைப் பிரதேசத்து அலுவலகங்களில் கோவை என்று வழங்குவது திரையில் கோப்பு எனத் தோன்றுகின்றது. திகதி என்று எழுதிப் பழகியவர் தேதி என்று காண்கின்றார். மணிக்கூடு கடிகாரமாகவும், இலக்கம் எண்ணாகவும் மாறி நிற்கின்றன. இவை பொருள் விளங்காத சொற்கள் அல்ல. ஆயினும் பழக்கமற்ற ஒருவர் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு கணம் நிற்கின்றார். அந்தக் கணங்கள் கூடும்போது, ஆங்கிலமே எளிது என்று எண்ணி அவர் முகப்பை மாற்றிவிடுகின்றார்.

சொல்லைவிட நுட்பமான குறைகளும் உள்ளன. தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிட நீண்டவை. ஆகவே பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுண்டு நிற்பதுண்டு. மாணவர் ஒருவர் கொ என்னும் எழுத்தைத் தவறாகத் தட்டிவிட்டு அழிக்க முனைந்தால், முழு எழுத்தும் போகாமல் ககரம் மட்டும் எஞ்சி நிற்கின்றது. அவர் கண்ட எழுத்து ஒன்று. கணினி எண்ணிய குறியீடுகள் இரண்டு. விசைப்பலகையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு ஒலிமுறையைத் தழுவியது. இலங்கையிலோ தட்டச்சு முறையைத் தழுவிய ரெங்கநாதன் அமைப்பு வழங்கி வந்தது. 2008ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இலங்கைத் தர நிருணயம் அதற்கு இடமளித்தது. லினக்ஸ் கணினிகளிலும் அவ்விசைப்பலகை இலங்கைக்கு உரியதென்ற பெயரோடு சேர்ந்துள்ளது. தமக்குப் பழகிய முறை வேண்டும் என்று இலங்கையர் வற்புறுத்தியதற்கு இது ஒரு சான்று.

முகப்பு மனிதருக்கு இசைய வேண்டும் என்பது வசதியைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, இலங்கையில் மிகுந்த உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரே காலையில் தம் மக்களில் பலரைப் பறிகொடுத்தன. அந்நாள்களில் இலங்கைக் கணினி வல்லுநர் ஒன்றுகூடி, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்வதற்குச் சகனா என்னும் கட்டற்ற மென்பொருளை விரைந்து ஆக்கினர். அப்பெயர் சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும். லங்கா மென்பொருள் நிறுவகம் அதனைப் பேணியது. பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதை அதற்கு அளித்தது.

இத்தகைய வேளையில் ஒரு படிவம் எவ்வாறு அமைகின்றது என்பது பெரும் பொருளுடையதாகின்றது. மேலைநாட்டார் வகுக்கும் படிவங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் இருக்கும். கீழ்க்கரை முஸ்லிம்களின் வழக்கில் தந்தையின் பெயர் முன்னே வரும். தன் பெயர் பின்னே வரும். குடும்பப்பெயர் என்று ஒன்று இருப்பது அரிது. ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு வகையாக எழுதுவோரும் உளர். தாய் ஒரு வகையாகவும் முகாமின் எழுதுநர் மற்றொரு வகையாகவும் பதிந்துவிட்டால், உயிரோடு இருக்கும் பிள்ளையும் ஏட்டில் காணாமற் போய்விடக்கூடும். தமிழில் ஒரே கட்டத்தில் முழுப்பெயரை எழுத இடமளித்தால் இவ்விடர் பெரிதும் குறையும். இதனை மேலைநாட்டு நிரலாளர் தாமாக ஊகித்தல் கடினம். அவ்வூரார் சொன்னாலன்றி அவர் அறியமாட்டார்.

சொல்வதற்கு வழி உண்டா என்றால், உண்டு. கட்டற்ற மென்பொருள் குழுக்கள் திறந்த பதிவேடுகளை நடத்துகின்றன. குறையொன்று வந்தால் அதற்கு ஓர் இலக்கம் இடப்படும். எவரும் அதனைப் படிக்கலாம். திருத்தம் நடந்ததா என்பதையும் பார்க்கலாம். எழுதும் முறையும் எளியது. பயன்படுத்திய பதிப்பு எது, செய்ய முயன்றது யாது, நிகழும் என எதிர்பார்த்தது யாது, உண்மையில் நிகழ்ந்தது யாது என்னும் நான்கையும் தெளிவாகக் கூறினால் போதும். தமிழ் முகப்பு சரியில்லை என்று எழுதினால் எவராலும் ஒன்றும் செய்ய இயலாது. இந்தப் பதிப்பில், இந்தப் பொத்தானில், சேமிக்காதே என்ற சொல்லின் இறுதி எழுத்து மறைந்துவிடுகின்றது என்று எழுதினால் அன்றே ஒருவர் அதனைத் திருத்தக்கூடும்.

ஆயினும் தமிழ் பேசும் ஊர்களிலிருந்து இத்தகைய மடல்கள் செல்வது குறைவு. அதற்கு இரு காரணங்கள் கூறலாம். இலவசமாகக் கிடைத்ததைக் குறை சொல்வது நன்றிகேடு என்னும் எண்ணம் ஒன்று. ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்னும் கூச்சம் மற்றொன்று. இவ்விரண்டும் மக்களின் பண்பிலிருந்தே பிறப்பவை. ஆனால் விளைவு தீயது. குறை கூறாதவர் பொறுத்துக்கொண்டிருப்பதில்லை. அவர் தமிழ் முகப்பை நீக்கிவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுகின்றார். தமிழில் ஒருவரும் முறையிடாதபோது, தமிழில் பயன்படுத்துவோர் இல்லை என்று குழுவினர் கருத நேர்கின்றது. மொழிபெயர்ப்போரும் தளர்ந்துவிடுகின்றனர். ஒரு மொழியில் 80 விழுக்காடு பெயர்க்கப்பட்டிருந்தாலன்றி அதனை முழு ஆதரவு பெற்ற மொழியாகக் க்னோம் கணிப்பதில்லை. ஒவ்வொரு புதிய பதிப்பிலும் புதிய தொடர்கள் சேர்கின்றன. உழைப்பார் குறைந்தால், ஏறிய படியிலிருந்து தமிழ் தானாகவே இறங்கிவிடும்.

கல்முனைக் கரையில் கணினியைத் தமிழில் கற்கும் பிள்ளைகள் இன்று பலர். தகவல் தொழினுட்பம் பாடசாலைகளில் தமிழ்மொழி மூலம் கற்பிக்கப்படுகின்றது. ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அக்கரையிலேயே உயர்கல்விக்கு இடம் தந்தது. ஒரு வகுப்பு மாணவர் சேர்ந்து, ஒரு தவணையில் தாம் தடுமாறிய பத்து இடங்களைக் குறித்து, ஆசிரியரின் துணையோடு எழுதி அனுப்பினால், அது தமிழுக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் ஒருங்கே செய்த தொண்டாகும். அதற்கு நிரல் எழுதும் திறமை வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டில் க்னோமின் போக்கையே மாற்றிய அந்த 12 பேர் செய்ததும் இவ்வளவே. தமக்கு விளங்காததை விளங்கவில்லை என்று மறையாமல் காட்டினர்.

மருதமுனை நெசவாளர் தச்சரை அழைத்து மிதி எட்டவில்லை என்று சொல்லும்போது, தச்சரின் தொழிலையும் தம் தொழிலையும் ஒருங்கே மதிக்கின்றார். அந்த ஒரு சொல்லால் தறி சீர்படுகின்றது. அதே தறியில் பின்னர் அமரும் மகளுக்கும் முதுகு வலிப்பதில்லை.